கழட்டிப்பாப்பம் அண்ணை

கழட்டிப்பாப்பம் அண்ணைக்கு மீற்றரைக் கண்ணில் காட்டக்கூடாது. "இலக்கம் காட்டுற பெட்டியைக் கையில வைச்சுக்கொண்டு ஆரும் கதைக்கலாம். காதால, மூக்கால, கையால பிடிக்கிறவன்தான் தொழில்காரன்" என்பது அவருடைய கட்சி. அவர் தொழில்காரர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கராஜ் வைத்திருந்ததில்லை. எந்தக் கராஜிலும் சம்பளத்துக்கு நின்றதுமில்லை. அவர் முற்றத்தில் காய்வது வலை; சுவரோடு சாத்தியிருப்பது ஒரு சைக்கிள். ஆனாலும் குருநகரில் ஒரு வாகனம் ஸ்ராட் வராமல் நின்றால், சொந்தக்காரன் பொனற்றைத் திறக்கமுதல் அவர் அங்கே நிற்பார்.

ஊருக்கு ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். யாகப்பர் கோவிலடியில் ஒருவர், ஐந்துமாடியடியில் ஒருவர், இறங்குதுறைப் பக்கம் போனால் இரண்டு பேர். சின்னக்கடையில் நிற்பவர் குருநகரா பாசையூரா என்பதில் வழக்கு இருக்கிறது. முகம் வேறு, சாரத்தின் நிறம் வேறு, தீர்ப்பு மட்டும் ஒன்று. அதனால் எல்லாரையும் ஒரே அண்ணையாகச் சேர்த்து எழுதுகிறேன். ஒருவரும் கோபிக்க வரமாட்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைத்தான் எழுதியிருக்கிறேன் என்று சந்தோசப்படுவார்கள்.

கூத்துக்குப் பேர்போன ஊர். ராசா சும்மா வந்து நிற்கமாட்டார் என்பது அண்ணைக்கும் தெரியும். முதலில் வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். முன் டயருக்கு ஓர் உதை. (பற்றரிக்குச் சாச் ஏறாததற்கும் டயருக்கும் என்ன தொடுப்பு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.) பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "அடி பாப்பம்" என்பார். சொந்தக்காரன் சாவியைத் திருப்புவான். எஞ்சின் இரண்டு தரம் முனகிவிட்டு 'டிக்' என்று நிற்கும். அண்ணை கண்ணை மூடியபடி அந்த 'டிக்'கைக் கேட்பார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுக் காட்டமாட்டார்கள். கண் திறந்ததும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "தம்பி, பற்றரி முடிஞ்சுது."

எப்போதும் பற்றரிதான். வேறு எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்ராட் வராத வாகனத்தில் பற்றரி இறங்கியிருப்பது பெரும்பாலும் உண்மை. ஆகவே அவர் சொல்வது பொய்யுமல்ல. ஏன் இறங்கியது என்பதுதான் கேள்வி. அல்ரநேற்றரின் பிறஷ் தேய்ந்திருக்கலாம். டயோட் ஒன்று ஒழுகி, வாகனம் நிற்கிற இரவெல்லாம் பற்றரியைக் குடித்திருக்கலாம். பெல்ற் தளர்ந்திருக்கலாம், றெகுலேற்றர் கைவிட்டிருக்கலாம், உப்புக்காற்று ஏதோ ஒரு வயரின் நுனியைத் தின்றிருக்கலாம். இவற்றை ஒன்றும் பாராமல் பற்றரியைப் பிடிப்பது, செத்தவனையே கொலைகாரன் ஆக்குகிற விசாரணை. அதுவும் எந்தக் காலத்தில்? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் பாய்ந்த பிறகு, வான் பற்றரி என்பது ஆளை அடகுக்கடை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிற சாமான்.

யாராவது துணிந்து, "அல்ரநேற்றராய் இருக்குமோ அண்ணை?" என்று கேட்டால் மட்டும் அடுத்த கட்டம். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சோதனை அது. வாகனத்தைத் தள்ளி ஸ்ராட் ஆக்கவேண்டும். தள்ள ஆட்கள் ஏற்கெனவே நிற்கிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பத்தாம் நம்பர் சாவியை வாங்கிக்கொண்டு, "ஒருக்காக் கழட்டிப் பாப்பம்" என்று பற்றரி வயரைக் கழற்றுவார். எஞ்சின் நின்றால் அல்ரநேற்றர் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்தால் அல்ரநேற்றர் சுகம், பற்றரிதான் போய்விட்டது.

இதில் இரண்டு சின்னச் சங்கடங்கள். டீசல் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி வேண்டாம். அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பழைய டீசல்களில் பல, ஒருதரம் ஓடத் தொடங்கிவிட்டால், அல்ரநேற்றரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் தம்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். எனவே மீன் லொறிக்காரரின் அல்ரநேற்றர்கள் அண்ணையிடம் எப்போதும் பாஸ். பெற்றோல் வாகனத்தின் பாடுதான் மோசம். ஓடுகிற அல்ரநேற்றர் துள்ளாமல் பிடித்து வைத்திருப்பது பற்றரி. திடீரென்று அதைப் பிரித்தால், 14 வோல்ற்றில் நின்றது ஒரு கண்வெட்டில் 60, 80 என்று மேலே பாயும். டயோட் போகும், றெகுலேற்றர் போகும், புதுக் கார் என்றால் கொம்பியூட்டர் பெட்டியும் சேர்ந்து போகலாம். சோதனைக்கு முதல் நன்றாக இருந்த அல்ரநேற்றர் சோதனையிலேயே கெட்டு, எஞ்சின் நிற்கும். "பாத்தியோ, போட்டுது!" என்பார் அண்ணை. அந்தச் சோதனை ஒருநாளும் பிழைத்ததில்லை.

அதை அவர் எங்கே படித்தார் என்பதையும் சொல்லவேண்டும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பெற்றோலுக்குத் தடை, ரோச்சுக்குப் போடுகிற பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். கார்புறேற்றருக்குள் சில துளி பெற்றோலைக் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் புகை கக்கியபடி ஓடின. இரவில் பிபிசி தமிழோசை கேட்கவேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு உயிர் கொடுக்கவேண்டும். செய்தி முக்கியமான இடத்துக்கு வருகிறபோதுதான் சுற்றுகிறவனுக்குக் கை சோரும். அறிவிப்பாளர் அடித்தொண்டையில் இறங்கிப்போவார். ஒழுங்கை முழுக்க ஒரே குரலில், "சுத்தடா!"

அண்ணை அப்போது இளந்தாரி. அந்த ஒழுங்கையில் றேடியோ பேசியதே அவருடைய கைவேலையால்தான். மீற்றருக்கு எங்கே போவது? மீற்றருக்குள் போடுகிற பற்றரிக்கே அனுமதி இல்லை. வயர் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார், பல்பின் வெளிச்சத்தைப் பார்த்தார், வாசம் பிடித்தார். உயிரோடு இருந்தார் என்பதே பாஸ் பண்ணியதற்கு அத்தாட்சி. இதில் ஒரு பகிடி உண்டு. சைக்கிளில் இருக்கிற டைனமோ, காந்தம் சுற்றி மாறுதிசை மின்சாரம் தருகிற சாமான். வேலையில் பார்த்தால் அது ஒரு குட்டி அல்ரநேற்றர். அதை நேரே கொடுத்தால் றேடியோ இரைந்து கத்தும். செத்த றேடியோக்களிலிருந்து டயோட்களைப் பிடுங்கி, பற்றவைத்து, ஒருதிசைக்குத் திருப்பிக் கொடுத்தவர் அண்ணை. இன்றைக்கு ஒருவன் டயோட் என்று வாய் திறந்தால், "உதெல்லாம் உங்களைப் போல பெடியள் காசு பறிக்கச் சொல்லுற சாமான்" என்பவரும் அவரேதான். அன்று அதை அவர் "கறுப்புக் குஞ்சு" என்றுதான் அறிந்திருந்தார்.

வயர் கழற்றும் சோதனையும் மொறிஸ் மைனர் காலத்துச் சொத்து. அந்தக் கார்களில் இருந்தது அசல் டைனமோ. உள்ளே சுற்றும் செப்புத் துண்டுகளே மின்சாரத்தை ஒருதிசையாக்கி அனுப்பும். டயோட் என்று ஒன்றும் இல்லை, எரிவதற்குக் கொம்பியூட்டரும் இல்லை. அதில் வயரைக் கழற்றுவதும் நல்ல பழக்கமல்லதான். ஆனால் பெரும்பாலும் மன்னிக்கப்பட்டுவிடும். அமெரிக்காவில் கிறைஸ்லர் 1960ஆம் வருடத்து வேலியன்ற் காருக்கு அல்ரநேற்றரைப் பூட்டியே விற்றது. சில வருடங்களில் உலகம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் டைனமோ அதற்குப் பிறகும் முப்பது, நாற்பது வருடம் இருந்தது. புதுக் கார் வர வழியில்லாத ஊரில் அண்ணையின் படிப்புக்கும் வயது ஏறவில்லை. ஏ9 பாதை திறந்து ஜப்பான் வான்கள் வரிசையாக வந்தபோது அவர் அதே சாவியோடு நின்றார்.

அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பழைய மொறிஸ் மைனரில் பொசிற்றிவ்தான் ஏர்த். ஒரு கலியாணத்துக்கு என்று மெருகேற்றிய மைனருக்கு, புதுப் பற்றரியை வழமைபோல நெகற்றிவை ஏர்த்தாக வைத்துப் பூட்டப்போன மெக்கானிக் பெடியனின் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர். அந்தக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூக்கஸ் கம்பனியை 'இருளின் இளவரசன்' என்று வெள்ளைக்காரரே பகிடி பண்ணுவார்கள். அண்ணைக்கு அந்தப் பகிடி பிடிக்காது. "இருட்டுக்குள்ள இருந்த எங்களுக்கு வெளிச்சம் தந்தவன் லூக்கஸ்" என்பார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்குரூட்றைவர் வித்தையும் அவருக்குத் தெரியும். சாவியைப் போட்டுவிட்டு, அல்ரநேற்றரின் பின்பக்கம் ஸ்குரூட்றைவர் நுனியைக் கொண்டுபோனால், உள்ளே காந்தம் எழுந்திருந்தால் இழுக்கும். இழுக்காவிட்டால் பிறஷோ வயரோ கைவிட்டிருக்கிறது. நல்ல சோதனை. ஒரு சேதமும் வராது, செலவுமில்லை. இழுத்ததும் சனம் "ஆ!" என்னும். அண்ணை ஸ்குரூட்றைவரைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு, பற்றரியைப் பார்த்துத் தலையாட்டுவார். சோதனை வேறு, தீர்ப்பு வேறு. இரண்டையும் அவர் கலப்பதில்லை.

சிவப்பு லைற் விசயத்தில்தான் எனக்கு அவரோடு மனத்தாங்கல். டாஷ்போட்டில் பற்றரிப் படம் போட்ட சிவப்பு லைற் அணையவில்லை என்று ஒரு வான்காரர் வந்தார். அண்ணை கையை உள்ளே விட்டு பல்பைக் கழற்றி, "இனி எரியாது" என்று கையில் கொடுத்தார். எரியவில்லைதான். ஆனால் அந்தப் பல்பின் ஊடாக ஓடிவருகிற சின்ன மின்சாரம்தான் பல வாகனங்களில் அல்ரநேற்றரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. பல்ப் போனால் அது எழும்புவதற்கே அடம்பிடிக்கும். வான்காரர் பரந்தனுக்கு அங்கால் இருட்டில் நின்றபடி போன் எடுத்தார். "சிவப்பு லைற் எரியுதோ?" என்று அண்ணை கேட்டார். "இல்லை அண்ணை." "அப்ப சாச் நல்லா ஏறுது. பற்றரிதான் பிழை."

பெல்ற் கீச்சிடுவதற்கும் மருந்து வைத்திருக்கிறார்: கோவில் மெழுகுதிரித் துண்டு. ஓடுகிற பெல்ற்றில் தேய்த்தால் சத்தம் அடங்கும். கொஞ்ச நேரத்தில் முன்னையிலும் வழுக்கும். இழுவையைச் சரியாக்கி, அமத்தினால் அரை இஞ்சிபோல இறங்குகிற அளவில் வைத்தால் தீருகிற வருத்தம். ஆனால் அதற்கு இரண்டு நட்டைத் தளர்த்தி, குனிந்து, முழங்கையில் எண்ணெய் பூசவேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அதில் என்ன சுவை?

வெளிநாட்டிலும் அவருக்கு மரியாதை உண்டு. ஸ்காபரோவில் இருக்கிற தம்பி மகன் மாசி மாதத்தில் வாட்ஸப்பில் அழைத்து, "பெரியப்பா, கார் ஸ்ராட் வருதில்லை" என்று பனிக்குள் நின்று போனைப் பொனற்றுக்குள் காட்டினான். அண்ணை படத்தைக்கூட ஒழுங்காகப் பாராமல் "பற்றரி" என்றார். மைனஸ் இருபது பாகைக் குளிரில் ஈயப் பற்றரியின் வலு பாதிக்குக் கிட்டக் குறைந்துவிடும். பற்றரிதான். குருநகர் வெயிலில் ஆயுள் முழுக்கத் தடுமாறிய தீர்ப்பு கனடாப் பனியில் நூற்றுக்கு நூறு சரிவந்தது. அந்தக் குடும்பம் இன்றைக்கும் அவரைக் கேட்காமல் வைப்பர்கூட மாற்றுவதில்லை.

அதே பிள்ளைகள் கோடையில் வந்து வாடகைக்கு எடுத்த ஹைபிறிட் கார்தான் அவரை ஒருதரம் வாயடைக்க வைத்தது. பொனற்றைத் திறந்தார். பெல்ற் இருக்கவேண்டிய இடத்தில் பெல்ற் இல்லை. அல்ரநேற்றர் இல்லை. பற்றரியைத் தேடினார், அது டிக்கிப் பக்கம் இருந்தது. அவருக்குக் கழற்ற மிஞ்சியிருந்தது தடித்த செம்மஞ்சள் வயர் ஒன்றுதான். "பெரியப்பா, அதில 200 வோல்ற் ஓடுது!" என்று கத்தி இழுத்தார்கள். அண்ணை பொனற்றை மெல்ல மூடினார். "நல்ல பெயின்ற்" என்றார்.

போன மாரியில் ஒரு விடியப்புறம் நடந்ததைச் சொல்லவேண்டும். மீன் வியாபாரி ஒருவரின் பட்டா லொறி, ஐஸ் பெட்டிகளோடு கடற்கரை வீதியில் நின்றுவிட்டது. கிளிநொச்சிச் சந்தைக்குப் போகவேண்டிய கணவாய் உள்ளே. மழைத் தூறலிலும் அண்ணை வந்துவிட்டார்.

"ஒரு கிழமையா இப்பிடித்தான் அண்ணை. லைற் மங்குது. ஸ்ராட் இழுக்குதில்லை. சாவியைத் திருப்பேக்க கிளச் கேபிளும் சுடுது."

"எந்த நேரமும் கிளச்சில காலை வைச்சுக்கொண்டு ஓடினால் சுடும்தானே. பற்றரி முடிஞ்சுது, தம்பி."

தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. அண்ணை பத்தாம் நம்பர் சாவிக்குக் கையை நீட்டிய நேரம், வியாபாரியின் மகள் குடையோடு ஓடிவந்தாள். அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழினுட்பம் படித்தவள். மற்றக் கையில் மஞ்சள் மீற்றர்.

"பெரியப்பா, கழட்டாதேங்கோ! அஞ்சு நிமிசம் தாங்கோ."

"பாக்கட்டுமே. பிள்ளை படிச்ச பிள்ளை" என்று அண்ணை பெருந்தன்மையாக விலகி, சனத்துக்குக் கண்ணடித்தார்.

ஓடுகிற எஞ்சினில், பற்றரியின் இரண்டு தலையிலும் மீற்றரை வைத்தாள். 12.3. "பாத்தியளோ!" என்றார் அண்ணை. சாச் ஏறுகிற வாகனத்தில் அந்த இடத்தில் பதினாலுக்குக் கிட்ட நிற்கவேண்டும். அவள் பேசாமல் அல்ரநேற்றரின் வெளிவருகிற முனையிலும் அதன் உடம்பிலும் வைத்தாள். 14.3. அல்ரநேற்றர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வருகிற வழியில் யாரோ இரண்டு வோல்ற்றைக் களவெடுக்கிறார்கள்.

"பெட்டி பிழை காட்டுது" என்றார் அண்ணை.

அல்ரநேற்றர் முனைக்கும் பற்றரியின் பொசிற்றிவுக்கும் இடையில் வைத்தாள். 0.1. அந்தப் பாதை சுத்தம். பிறகு எஞ்சின் உடம்புக்கும் பற்றரியின் நெகற்றிவுக்கும் இடையில் வைத்தாள். 1.9. பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்ற கடைக்காரர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்: பன்னிரண்டு மூன்றும், பூச்சியம் ஒன்றும், ஒன்று ஒன்பதும் பதினாலு மூன்று. கணக்கு முழுசாய் வந்துவிட்டது. கள்ளன் ஏர்த் பக்கம்.

தட்டுக்குக் கீழே படுத்து, எஞ்சினையும் சசியையும் தொடுக்கிற ஏர்த் வயரை அவள் பிடித்து இழுத்ததும் கையோடு வந்தது. ஐஸ் உருகி வழிந்த மீன்தண்ணி, அதற்குமேல் கடற்கரை வீதி உப்புக்காற்று. செம்பு பச்சையாய் மாறி, நுனி தூளாய் உதிர்ந்தது. கேபிள் சுட்டதும் அதனால்தான். ஸ்ராட்டர் இழுக்கிற பெரிய மின்சாரம் திரும்பிப் போகிற வழி அடைபட்டால், கிடைத்த வழியால் போகும். கிடைத்தது கிளச் கேபிள். அரத்தாளால் சசியைப் பளபளக்கத் தேய்த்து, புது வயர் ஒன்றை இறுக்கி, மேலே கிறீஸ் பூசினாள். ஓடவிட்டுப் பார்த்தபோது பற்றரித் தலையில் 14.1. எஞ்சினை நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் சாச் ஏறவிட்டிருக்கலாம். வியாபாரிக்குப் பொறுமை இல்லை, நிறுத்தி உடனேயே திருப்பினார். ஒரே இழுவையில் ஸ்ராட்.

சனம் அண்ணையைப் பார்த்தது. அவர் குனிந்து, உதிர்ந்த வயரை எடுத்து மணந்து பார்த்தார்.

"பற்றரி வயர்தானே பிழை" என்றார். "நான் அப்பவே சொன்னனான், பற்றரிப் பக்கம் எண்டு."

வியாபாரி மகளின் கையில் ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை வைத்தார், வயருக்கும் கைக்கூலிக்கும். அண்ணைக்குப் பொறுக்கவில்லை. வாகனம் நகரமுதல் யன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு துண்டு வயருக்கு ஆயிரமோ? சொந்தத் தேப்பனெண்டும் பாக்கேல்லை. நானெண்டால் உன்னட்டை ஒரு சதம் கூலி வாங்கியிருக்கமாட்டன், தம்பி. புதுப் பற்றரிக் காசோட அலுவலை முடிச்சிருப்பன்."